அந்த ஒரு வாக்கை மட்டும் கொடுக்காதீர்கள், மாஸ்டர்!

தமிழ்நாட்டின் ஜிம் மாஸ்டர்களுக்கு,

ஏசியும் கண்ணாடிச் சுவரும் உள்ள பெரிய கூடத்தில் சம்பளத்துக்கு நிற்பவரானாலும், மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டுத் தெருப் பையன்களுக்குக் கற்றுக்கொடுப்பவரானாலும், உங்கள் எல்லோரிடமும் ஒரே விஷயத்தைப் பேச வேண்டியிருக்கிறது. உங்களிடம் சேரும் பையன்களில் சிலர், பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்து, "மாஸ்டர், செஸ்ட் மட்டும் குறையணும்" என்று மெதுவாகச் சொல்கிறார்கள். உங்களில் பலர் யோசிக்காமல் சொல்லும் பதிலும் எனக்குத் தெரியும். "ஆறு மாசம் ஒழுங்கா பெஞ்ச் அடி தம்பி, எல்லாம் கரைஞ்சிடும்." இந்தப் பதிலை இனிமேல் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

கெட்ட எண்ணத்தில் நீங்கள் அதைச் சொல்வதில்லை. பையன் மனம் தளரக் கூடாது, நாளைக்கும் வர வேண்டும், உடம்பைத் தேற்ற வேண்டும் என்ற அக்கறையில்தான் சொல்கிறீர்கள். ஆனால் அந்த வாக்கு பலருக்குப் பலிக்காது. பலிக்காதபோது அவன் உங்களைக் குறை சொல்ல மாட்டான். நான்தான் சரியாகச் செய்யவில்லை, நான்தான் சாப்பாட்டில் கட்டுப்பாடாக இல்லை என்று தன்னையே நொந்துகொள்வான். அந்தப் பழியை நீங்கள் அவன் தலையில் ஏற்றுகிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியாமல் நடக்கிறது.

உங்களிடம் வருவதற்கு முன்னால் அவன் எங்கெல்லாம் போகாமல் ஒதுங்கியிருப்பான் என்று நினைத்துப் பாருங்கள். திருச்செந்தூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் முருகனைப் பார்க்கப் போக வேண்டும். குடும்பத்தோடு போனவன் தலைவலி என்று சொல்லி வெளியிலேயே செருப்புக்குக் காவலாக உட்கார்ந்துவிடுவான். குற்றால அருவியில் சட்டையோடு நனைவான். சேக்காளிகள் எல்லாம் கிணற்றில் குதிக்கும்போது இவன் மேட்டில் நின்று துணிகளைப் பார்த்துக்கொள்வான். காவலர் தேர்வில் மார்பளவு எடுப்பார்கள். சாதாரணமாக 81 செ.மீ., மூச்சை இழுத்து விரித்தால் 86 செ.மீ. இருக்க வேண்டும். அளவெல்லாம் அவனுக்கு இருக்கும். வெற்று மார்போடு வரிசையில் நிற்க வேண்டுமே என்பதற்காக விண்ணப்பமே போட்டிருக்க மாட்டான். பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டப்பெயரை இன்னும் மறந்திருக்க மாட்டான். அப்பாவிடம் சொல்ல வாய் வராது, அம்மாவிடம் சொல்லக் கூச்சம், டாக்டரிடம் போனால் சிரிப்பாரோ என்று பயம். இத்தனை பேரையும் தாண்டி உங்களிடம் சொல்கிறான். அவன் வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் நீங்களாகவே இருக்கலாம். அதனால்தான் மருத்துவர்களுக்கோ பெற்றோருக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

எனக்கும் அந்த மார்புப் பிரச்சினை இருந்தது. எனக்குச் சொல்லிக்கொடுத்த மாஸ்டரும் நல்ல மனிதர்தான். அவர் சொன்னபடி டிக்ளைன் பெஞ்ச், பெக் டெக், தண்டால் என்று விடாமல் அடித்தேன். இடுப்பு சுருங்கியது, மார்புத் தசை திரண்டது. காம்புக்குப் பின்னால் இருந்தது மட்டும் முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தது. கடைசியில் ஒரு மருத்துவர் இரண்டு விரல்களால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இது கொழுப்பு இல்லை, சுரப்பி, எடை தூக்கி இது போகாது" என்றார். அவர் சொன்னதை என்னிடம் யாரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயமும் அதுதான். ஆண் மார்பு பெரிதாகத் தெரிவதற்குப் பின்னால் இரண்டு வேறு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, உடம்பு முழுக்கச் சதை போட்டவனுக்கு மார்பிலும் சேர்ந்திருக்கும் கொழுப்பு. இன்னொன்று, எல்லா ஆண்களுக்கும் காம்புக்குப் பின்னால் துளியாக இருக்கும் பால்சுரப்பித் திசு வளர்ந்து தடித்துப்போவது. உங்கள் பையன்கள் 'கைனோ' என்று சுருக்கிச் சொல்கிறார்களே, அந்தக் கைனகோமாஸ்டியா இந்த இரண்டாவதுதான். மல்லாந்து படுத்த நிலையில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மார்பின் இரண்டு பக்கமும் வைத்துக் காம்பை நோக்கி மெல்லக் கொண்டுவந்தால், சுரப்பியாக இருந்தால் காம்புக்கு நேர்கீழே வட்டமாக, ரப்பர்போல உறுதியான ஒரு தட்டு தட்டுப்படும். சில நேரம் தொட்டால் வலிக்கும். வெறும் கொழுப்பாக இருந்தால் விரல்கள் தடையில்லாமல் கூடிவிடும். பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும். இந்தச் சோதனையைப் பையன் தன் அறையில் தானே செய்து பார்க்கலாம். உறுதிசெய்ய வேண்டியவர் மருத்துவர். நீங்கள் தொட்டுப் பார்க்கத் தேவையில்லை. இரண்டும் ஒன்றல்ல என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

கொழுப்பு என்றால் உங்கள் கூடத்தில் அதற்கு வழி உண்டு. ஆனால் அதுவும் நீங்கள் சொல்லும் வழியில் குறையாது. மார்புக்கு அடித்தால் மார்புக் கொழுப்பு கரையும் என்பது உண்மையானால், டென்னிஸ் ஆடுபவர்களின் ஆடும் கை மற்றக் கையைவிடக் கொழுப்பில்லாமல் ஒட்டியிருக்க வேண்டும். 1971-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் தேர்ந்த டென்னிஸ் ஆட்டக்காரர்களை அளந்தே பார்த்தார்கள். ஆடும் கையில் தசை பெருத்திருந்தது. தோலுக்கடியில் இருந்த கொழுப்பின் தடிமனோ இரண்டு கையிலும் ஒன்றுதான். 1984-இல் இன்னொரு ஆய்வில் 13 ஆண்களை 27 நாட்களில் ஆளுக்கு 5,004 சிட்-அப் போட வைத்தார்கள். முன்னும் பின்னும் வயிறு, முதுகு, பிட்டம் மூன்று இடங்களிலும் கொழுப்பை ஊசியால் எடுத்துச் சோதித்தார்கள். வயிற்றுக் கொழுப்பு மட்டும் தனியாகக் கூடுதலாகச் சுருங்கவில்லை. கொழுப்பை எங்கிருந்து முதலில் எடுப்பது என்பதை உடம்பு தானாக முடிவுசெய்கிறது. நாம் எந்தத் தசையை வேலை வாங்குகிறோம் என்று பார்த்து அது எடுப்பதில்லை. பையனின் மொத்த எடை இறங்கினால் மார்பும் இறங்கும். அதற்குச் சாப்பாடு, நடை, ஓட்டம், கால், முதுகு, தோள் என்று உடம்பு முழுவதற்குமான பயிற்சி வேண்டும். வாரத்தில் நான்கு நாள் செஸ்ட் வேண்டியதில்லை.

சுரப்பி என்றால் கதையே வேறு. அது எரிபொருளாகச் செலவாகும் பொருள் இல்லை. பட்டினி கிடந்தாலும் ஓடினாலும் உடம்பு அதை எடுத்துச் செலவழிக்காது. அது மார்புத் தசைக்குள்ளேயும் இல்லை. தசைக்கு மேலே, தோலுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. மேடையை உயர்த்தினால் மேடைமேல் நிற்பவரும் சேர்ந்துதான் உயர்வார். நீங்கள் பெஞ்ச் பிரஸ்ஸில் வளர்த்துவிடும் தசை அந்தச் சுரப்பியை இன்னும் முன்னால் தள்ளுகிறது. சுற்றியிருந்த கொழுப்பும் வற்றிவிட்டால், அதுவரை சதைக்குள் ஒளிந்திருந்தது வெளியே துருத்துகிறது. மேடைப் போட்டிக்குப் போகும் பாடிபில்டர்களைக் கேட்டுப் பாருங்கள். உடம்பில் கொழுப்பே இல்லாத அளவுக்கு 'கட்டிங்' செய்தபின்னும் காம்புக்கடியில் முண்டு நிற்பவர்கள் உண்டு. பயிற்சியால் போவதாக இருந்தால் முதலில் அவர்களுக்கல்லவா போயிருக்க வேண்டும்?

எடை தூக்கினால் டெஸ்டோஸ்டிரான் ஏறும், அது சுரப்பியைச் சுருக்கிவிடும் என்று ஒரு வாதம் உங்களிடையே இருக்கிறது. கடுமையாகப் பயிற்சி செய்த உடனே அந்த ஹார்மோன் கொஞ்சம் ஏறுவது உண்மை. ஒரு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கே இறங்கிவிடும். ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் சுரப்பியை அந்தச் சிறிய ஏற்றம் ஒன்றும் செய்யாது.

"நான் பயிற்சி கொடுத்த பையனுக்குப் போச்சே!" என்று நீங்கள் கேட்கலாம். போயிருக்கும். யாருக்கு, எந்த வயதில் என்று யோசித்துப் பாருங்கள். வயதுக்கு வரும் பருவத்தில், 13, 14 வயதை ஒட்டி, ஏறத்தாழ பாதிப் பையன்களுக்கு இந்தத் திசு கொஞ்சமாவது வளர்கிறது. ஆண் ஹார்மோனும் பெண் ஹார்மோனும் ஒரு சமநிலைக்கு வருவதற்கு முன் ஏற்படும் தடுமாற்றம் அது. பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தானாகவே வடிந்துவிடும். அந்தச் சமயத்தில் அவன் உங்கள் கூடத்தில் தண்டால் போட்டுக்கொண்டிருந்தால் பெயர் தண்டாலுக்குப் போகும். சும்மா வீட்டில் இருந்திருந்தாலும் அது போயிருக்கும். தானாகப் போகாதவர்கள்தான் 18, 20, 25 வயதில் உங்களைத் தேடி வருகிறார்கள். சின்னப் பையனுக்குப் பலித்த கதையைச் சொல்லி அவர்களை நம்பவைப்பது நியாயமில்லை.

இதனால் வரும் நஷ்டம் வெறும் ஏமாற்றத்தோடு நின்றால் நான் இவ்வளவு தூரம் எழுதியிருக்க மாட்டேன். காலம் இதில் முக்கியம். சுரப்பி வளரத் தொடங்கிய முதல் சில மாதங்களில் அந்தத் திசு மிருதுவாக, மாறக்கூடியதாக இருக்கும். காரணத்தைக் கண்டுபிடித்து நீக்கினால் சுருங்க வாய்ப்புண்டு; தேவைப்பட்டால் மருத்துவர் தரும் மருந்தும் அப்போதுதான் ஓரளவு கேட்கும். ஓராண்டு கடந்துவிட்டால் அது நார்போல இறுகிவிடுகிறது. அதன்பின் மருந்துக்குப் பெரிய பலன் இருப்பதில்லை. நீங்கள் முதலில் ஆறு மாதம் என்கிறீர்கள். அது முடிந்ததும் "இன்னும் ஆறு மாசம் பார்க்கலாம்" என்கிறீர்கள். மருந்துக்கான காலம் அதிலேயே போய்விடுகிறது.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மார்பில் சுரப்பி வளர்வது சில நேரம் வேறொன்றின் அடையாளம். தைராய்டு அதிகமாகச் சுரப்பது, கல்லீரல் கெட்டுப்போவது, சிறுநீரகம் செயலிழப்பது, விரைகள் போதிய ஹார்மோனைச் சுரக்காமல் போவது எல்லாம் இப்படி வெளிப்படலாம். குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்ட்டர் நிலை ஏறத்தாழ 600 ஆண்களில் ஒருவருக்கு இருக்கிறது. பலருக்கு அது தெரியாமலே வாழ்க்கை போகிறது. விரையில் வளரும் கட்டியின் முதல் அடையாளமாகவும் மார்பு வீங்கலாம். அது குறைவுதான். ஆனாலும் அந்தக் குறைவான பேரில் ஒருவன் உங்கள் கூடத்தில் பெஞ்ச் அடித்துக்கொண்டிருக்கலாம். அந்தக் கட்டி இளைஞர்களுக்கு வருவது. சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணமாகக் கூடியது. ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும். மொத்த மார்பகப் புற்றுநோயில் அது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு, பெரும்பாலும் வயதானவர்களுக்குத்தான். ஒரு பக்கம் மட்டும் காம்பை விட்டு விலகிய கெட்டியான கட்டி, உள்ளிழுத்த காம்பு, காம்பிலிருந்து ரத்தக் கசிவு, அக்குளில் கட்டி என்று யாராவது சொன்னால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

சாதாரணமாகச் சாப்பிடும் மருந்துகளும் காரணமாகின்றன. முடி கொட்டுவதற்கு உங்கள் பையன்கள் வாங்கிப் போடும் ஃபினாஸ்டரைடு மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் ஸ்பைரனோலேக்டோன், மனநல மருத்துவத்தில் தரும் ரிஸ்பெரிடோன், பழைய அல்சர் மாத்திரையான சிமெட்டிடின் ஆகியவை இந்தப் பட்டியலில் இருக்கின்றன. எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்தச் சொல்லாதீர்கள். "என்ன மாத்திரை சாப்பிடுற?" என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு, அதை டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

மாஸ்டர்களே, இனி எழுதுவது உங்களில் சிலருக்குக் கசக்கும். வளர்ந்த இளைஞனின் மார்பில் புதிதாகச் சுரப்பி முளைத்தால் மருத்துவர்கள் சந்தேகிக்கும் காரணங்களில் ஒன்றான ஸ்டீராய்டு உங்கள் கூடத்துக்குள்ளேயே கிடைக்கிறது. வெளியிலிருந்து ஊசியாகவும் மாத்திரையாகவும் உள்ளே போகும் டெஸ்டோஸ்டிரானில் ஒரு பகுதியை உடம்பு பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரஜனாக மாற்றிக்கொள்கிறது. அந்த வேலையைச் செய்யும் நொதி கொழுப்புத் திசுவில் நிறைய இருக்கிறது. ஆகவே சதை போட்ட பையனுக்கு ஊசி போட்டால் மாற்றமும் அதிகம். பையன்கள் 'டி-போல்' என்று சொல்லும் மெத்தான்டயினோனும் அப்படித்தான். 'சைக்கிள்' முடிந்து ஊசியை நிறுத்தும்போது இன்னொரு சிக்கல். இத்தனை நாள் வெளியிலிருந்து வந்ததால் விரைகள் தம் சுரப்பை நிறுத்தியிருக்கும். ஆண் ஹார்மோன் சடாரென்று வீழ்ந்துவிட, ஈஸ்ட்ரஜன் கை ஓங்கி நிற்கும். மார்பு வளர அதைவிட நல்ல நிலம் வேண்டாம்.

அதற்கும் உங்களில் சிலரிடம் கைவசம் மாத்திரை இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டமாக்சிஃபெனை 'கைனோ மாத்திரை' என்று அட்டை அட்டையாகக் கொடுக்கிறீர்கள். ரத்தம் உறைந்து அடைப்பு ஏற்படக் கூடிய அபாயம் அந்த மருந்தில் இருக்கிறது என்று வாங்குபவனுக்குச் சொல்கிறீர்களா? ஸ்டீராய்டு ஊசியும் இந்த மாத்திரையும் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. எல்லா மாஸ்டர்களும் இதைச் செய்வதில்லை என்பது எனக்குத் தெரியும். ஊசியின் பக்கமே தலைவைத்துப் படுக்காத மாஸ்டர்கள் நிறையப் பேர். அவர்களிடம் என் வேண்டுகோள், பக்கத்துக் கூடத்தில் நடப்பதைத் தெரிந்தும் பேசாமல் இருக்காதீர்கள் என்பது. மார்பைக் குறைக்க வந்தவனுக்கே "இதைப் போட்டா சீக்கிரம் ஷேப் வரும்" என்று ஊசி நீட்டுவதைவிடக் கொடுமை வேறென்ன இருக்கிறது?

இதற்கு நடுவில் தேவையில்லாத பயங்களையும் கிளப்பிவிடுகிறீர்கள். பிராய்லர் கோழி சாப்பிட்டால் மார்பு வளரும் என்று சொல்லி, கோழியை விட்டுவிட்டு டப்பா புரோட்டீனுக்கு வா என்கிறீர்கள். பல்லடம் பக்கத்துப் பண்ணைக் கோழி வேகமாக வளர்வது தேர்ந்தெடுத்த இனத்தாலும் தீவனத்தாலும்தான், ஹார்மோன் ஊசியால் இல்லை. நாலு துண்டு சோயா சாப்பிட்டவனுக்கும் ஒன்றும் ஆகாது. மார்பைச் சுருக்கும் என்று விற்கிற தைலமும் கிரீமும் சுரப்பியைத் தொடாது. அதே சமயம் லேபிளில் இல்லாத ஹார்மோனைக் கலந்து விற்கும் பொடிகள் சந்தையில் பிடிபட்டிருக்கின்றன. ஊர் பேர் தெரியாத டப்பாவைக் கமிஷனுக்காகப் பையன் கையில் திணிக்கும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள். மதுவும் இதில் ஒரு காரணம் என்பதையும் சொல்லுங்கள். அதைக் கோழியைப்போல் யாரும் குறை சொல்வதில்லை.

இவ்வளவு சொன்னதால் எடைப் பயிற்சி அவனுக்கு வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அவனுக்கு அது மிகவும் தேவை. உடம்புக் கொழுப்பு குறைந்தால் ஈஸ்ட்ரஜனாக மாற்றும் தொழிற்சாலையே சிறுக்கிறது. பருமனான ஆண்கள் எடை குறைத்தால் அவர்களுடைய சொந்த டெஸ்டோஸ்டிரான் ஏறுகிறது. கலப்பாக இருப்பவனுக்குக் கொழுப்பின் பங்கு போய்விட்டால், மிஞ்சும் சுரப்பி எவ்வளவு என்று மருத்துவருக்கும் தெளிவாகத் தெரியும். சிலருக்கு அந்த மிச்சம் கவலைப்படும் அளவுக்கே இருக்காது. தோளும் முதுகும் அகன்றால் உடம்பின் அளவுப் பொருத்தமே மாறி, மார்பு தனியாக எடுத்துக் காட்டாது. வருடக்கணக்காக மறைத்து மறைத்துத் தோளை முன்னால் வளைத்தே நின்றவனுக்கு மார்புக்கு மட்டும் அடித்தால் கூன் இன்னும் கூடும். அவனுக்கு ரோயிங்கும் புல்-அப்பும் ஃபேஸ் புல்லும் பெஞ்சைவிட முக்கியம். நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொடுங்கள். எல்லாவற்றையும்விட, தன் உடம்பை ஒளித்து வைக்க வேண்டிய பொருளாக மட்டுமே பார்த்தவனுக்கு அதே உடம்பு நூறு கிலோவைத் தரையிலிருந்து எடுக்கும் என்று காட்டுகிறீர்களே, அது எந்த மருத்துவராலும் கொடுக்க முடியாதது.

இறுகிப்போன சுரப்பிக்கு அறுவைச் சிகிச்சைதான் வழி. அதைப் பற்றியும் உங்களுக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். இது புதிய வைத்தியமும் இல்லை, வெட்கப்பட வேண்டிய ஆடம்பரமும் இல்லை. ஏழாம் நூற்றாண்டுக் கிரேக்க மருத்துவர் ஏஜினாவின் பால் ஆண் மார்பை அறுத்துச் சீராக்கும் முறையை எழுதி வைத்திருக்கிறார். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில் கீறிச் சுரப்பியை எடுக்கும் முறை 1946-இல் பதிவானது. இன்றும் அதுதான் அடிப்படை. கூடவே கொழுப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். எவ்வளவு பெரிது, தோல் எவ்வளவு தொங்குகிறது என்பதை வைத்து 1973-இலிருந்து புழங்கும் தரப் பிரிப்பு ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்து முறையைத் தீர்மானிக்கிறார்கள். விடலைப் பையன் என்றால் தானாக வடிகிறதா என்று பொறுத்துப் பார்க்கச் சொல்வார்கள். ரத்தம் கட்டுதல், தழும்பு, இரண்டு பக்கமும் சமமில்லாமல் போவது போன்றவை நேரலாம் என்பதையும் மறைக்கக் கூடாது. தனியாரிடம் செலவு அதிகம் என்று பயப்படுபவனிடம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒட்டறுவைச் சிகிச்சை (பிளாஸ்டிக் சர்ஜரி) பிரிவுக்குப் போய்க் கேட்கச் சொல்லுங்கள். அறுவை முடிந்து திரும்பும் பையன் சில வாரங்கள் இறுக்கமான பனியன் போட்டிருப்பான். மார்புப் பயிற்சியை மருத்துவர் அனுமதித்த பிறகே தொடங்குங்கள். அவனுக்கு மறுபடி ஸ்டீராய்டு கொடுத்தால் மிச்சமிருக்கும் திசு மறுபடி வளரும்.

சிகிச்சையே வேண்டாம், இப்படியே இருந்துவிடுகிறேன் என்று ஒருவன் முடிவெடுக்கலாம். நோய் எதுவும் இல்லை என்று மருத்துவர் உறுதிசெய்துவிட்டால் அதுவும் நல்ல முடிவுதான். சுரப்பி இருப்பதால் அவன் ஆண்மையில் குறைவும் இல்லை, பலத்தில் குறைவும் இல்லை. இதை நீங்கள் சொன்னால் அவன் நம்புவான். உங்கள் தோளைப் பார்த்துத்தானே அவன் உள்ளே வந்தான்.

உங்கள் கூடத்தின் பேச்சு வழக்கையும் ஒருமுறை காது கொடுத்துக் கேளுங்கள். சதை போட்ட பையன் பெஞ்சில் படுத்தால் "என்னடா, உனக்கு ஸ்போர்ட்ஸ் பிரா வாங்கித் தரவா?" என்று யாராவது கத்துவதும், எல்லோரும் சிரிப்பதும் நடக்கிறது. நீங்களும் கூடச் சிரித்தால் அடுத்த மாதம் அவன் வர மாட்டான். சேரும் நாளன்றே 'பிஃபோர்' போட்டோவுக்குச் சட்டையைக் கழற்றச் சொல்வது, எல்லோர் எதிரிலும் டேப் போட்டு அளப்பது, இன்ஸ்டாகிராமில் போடுவதற்காகக் கூட்டமாக வெற்று மார்போடு நிறுத்துவது, உள்ளே பனியன் போடக் கூடாது என்று விதி வைப்பது எல்லாமே அவனை வாசலுக்கு வெளியே தள்ளுபவைதான்.

ஆகவே உங்களிடம் ஐந்து வேண்டுகோள்கள் வைக்கிறேன்.

ஒன்று: செஸ்ட் குறைய வேண்டும் என்று ஒருவன் சொன்னால் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். எப்போதிருந்து இருக்கிறது, வலிக்கிறதா, ஒரு பக்கமா இரண்டு பக்கமா, என்ன மாத்திரை சாப்பிடுகிறாய், ஊசி ஏதாவது போட்டிருக்கிறாயா என்று சிரிக்காமல் கேளுங்கள்.

இரண்டு: முதல் நாளே உண்மையைச் சொல்லுங்கள். "கொழுப்பா இருந்தா மொத்த எடையோட சேர்ந்து குறையும் தம்பி. சுரப்பியா இருந்தா நம்ம பயிற்சியால போகாது. எதுன்னு டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வா. எப்படி இருந்தாலும் பயிற்சியை விடாதே, நான் இருக்கேன்." இவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது.

மூன்று: எந்த டாக்டரிடம் அனுப்புவது என்று முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரிலேயே ஒரு பொது மருத்துவரையோ ஹார்மோன் மருத்துவரையோ நேரில் பார்த்துப் பேசி, பையன்களைக் கூச்சமில்லாமல் பார்ப்பாரா என்று கேட்டு வையுங்கள். விரைகளையும் சேர்த்துப் பரிசோதிப்பார்கள், ரத்தப் பரிசோதனை கேட்பார்கள் என்று பையனிடம் முன்பே சொல்லி அனுப்பினால் அவன் பாதியில் திரும்பி வர மாட்டான்.

நான்கு: ஊசியையும் அட்டை மாத்திரையையும் உங்கள் கூடத்தின் வாசலுக்கு வெளியே நிறுத்துங்கள். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவனைத் திட்டி விரட்டாதீர்கள். திடீரென்று நிறுத்துவதிலும் சிக்கல் உண்டு என்று சொல்லி மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

ஐந்து: யார் என்ன உடுத்தி வந்தாலும் விடுங்கள், உடம்பைக் கேலி செய்பவன் எவ்வளவு பெரிய எடை தூக்கினாலும் அவனைக் கண்டியுங்கள்.

மாவட்டத்துக்கு மாவட்டம் உங்களுக்குச் சங்கங்கள் இருக்கின்றன. ஆணழகன் போட்டி நடத்தும்போது எல்லோரும் ஒரே இடத்தில் கூடுகிறீர்கள். அடுத்த கூட்டத்தில் பரிசுப் பணத்தையும் தேதியையும் பேசி முடித்த கையோடு, ஒரு மருத்துவரை அழைத்து இதைப் பற்றி அரை மணி நேரம் பேசச் சொல்லுங்கள். சேர்க்கைப் படிவத்தில் ரத்த அழுத்தம் உண்டா, மூச்சிரைப்பு உண்டா என்று கேட்கிறீர்களே, அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்: இப்போது சாப்பிடும் மருந்துகள் என்ன? மார்பில் வீக்கமோ வலியோ கட்டியோ உண்டா? வாயால் சொல்லக் கூசுபவன் பேனாவால் எழுதிவிடுவான். இந்த மாதம் புதிதாக அச்சடிக்கும் படிவத்திலேயே அதைச் செய்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவரிடம் எடை தூக்கக் கற்றுக்கொண்டவன்